63 மில்லி கட்டர்

பேஸ் மில் வாங்கப் போகிறவர்கள் ஜாபின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். பிளேட் 80 மில்லி அகலமா, 100 மில்லி கட்டர். 100 மில்லி அகலமா, 125. ஒரே ஓட்டில் முடிந்துவிடும் என்பது கணக்கு. பெரிய மெஷின் உள்ள இடத்தில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுகளில் நான் வேலை பார்த்த பட்டறைகளிலும், கூப்பிட்டுப் போய்ப் பார்த்த பட்டறைகளிலும் பெரும்பாலும் நின்றது எம்1டிஆர் என்று நாம் சொல்கிற டரட் மெஷின். 2 அல்லது 3 குதிரைசக்தி மோட்டார், பெல்ட்டைத் தள்ளிப்போட்டு வேகம் மாற்றும் ஹெட், ஐஎஸ்ஓ 40 ஸ்பிண்டில். வெளிநாட்டிலிருந்து பழசாக வந்த மெஷின் என்றால் ஆர்8 ஸ்பிண்டில். இப்படிப்பட்ட மெஷினுக்குக் கட்டர் வாங்கும்போது ஜாபை அளப்பதற்கு முன்னால் மெஷினை அளக்க வேண்டும். இத்தனை வருஷம் மில்லிங்கில் நின்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். இதைத் தெரியாமல் நல்ல மெஷின்களைக் கெடுப்பவர்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் மனசு பொறுப்பதில்லை.

நான் தொழில் பழகியது எண்பதுகளில், தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட்டில். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் மில் வொர்க் ஷாப்பில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். இந்த ஊரில் இரும்பு வேலை பஞ்சாலைகளோடு சேர்ந்து வளர்ந்தது. ஜனங்கள் ரோடியர் மில் என்று சொன்ன ஏ.எஃப்.டி 1898இல் தொடங்கியது. கூடவே சுதேசி மில், பாரதி மில். தறியில் ஒரு கியர் உடைந்தால் கடல் கடந்து சாமான் வரும்வரை தறியை நிறுத்திவைக்க முடியுமா? மில்லுக்குள்ளேயே லேத்தும் மில்லிங்கும் வைத்துச் செய்துகொண்டார்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி மில் தொழிலாளிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்து, அடுத்த வருஷம் 8 மணி நேர வேலை சட்டமான கதையை மேஸ்திரி வேலைக்கு நடுவே சொல்வார். அந்த மில்களின் பட்டறை ஆட்கள்தான் பிறகு எஸ்டேட்டுகளில் மேஸ்திரிகளாக வந்து உட்கார்ந்தார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் ஹார்பகன் பட்டறை இன்னொரு கிளை. ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியின் பித்தளைச் சாமான்களை வெளியிலிருந்து வாங்காமல் இங்கேயே செய்து பொருத்திய ஊர் இது.

மேஸ்திரி எனக்கு முதலில் மாட்டிக் காட்டியது 100 மில்லி எச்எஸ்எஸ் கட்டர். நெருக்கமான பல், கிடை மெஷினின் ஸ்பிண்டில் மூக்கில் நேராக உட்காரும். எச்எஸ்எஸ் பல்லுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர்தான் வேகம். அந்தக் குறுக்களவுக்கு அது 80 சுற்று. மெதுவாக, கனமாக, எண்ணெய் ஊற்ற ஊற்ற ஓடும். பல் மழுங்கினால் தீட்டச் சென்னைக்குப் போய் வர வேண்டும். அதனால் பல்லைக் காப்பாற்றி ஓட்டுவது பழக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டரைத் தாங்கியது மெஷினின் எடை. முழுக்கக் கியரில் ஓடுகிற, தரையோடு உட்கார்ந்த வார்ப்பிரும்பு உடம்பு. பிறகு பட்டறைகள் எல்லாம் டரட் மெஷினுக்கு மாறின. ஹெட்டைத் திருப்பலாம், சாய்க்கலாம், ரேமை நீட்டலாம், டிரில்லும் போடலாம். சின்னப் பட்டறைக்கு அதைவிட உதவியான மெஷின் கிடையாது. அத்தனை இடத்தில் திரும்புகிற மெஷின் அத்தனை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அசையும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டரட் மெஷின் வந்த புதிதில் எங்களிடம் இருந்தது பிளை கட்டர். ஒரு வட்டக் கட்டை, அதில் சாய்வாக ஒரு துளை, துளையில் ஒற்றை டூல். சதுரக் கம்பியின் நுனியில் விடியா (கார்பைடு) டிப்பை வைத்து, போராக்ஸ் தூவி, பித்தளையால் ஊதி ஒட்டி, பச்சைக் கல்லில் தீட்டி எடுப்போம். பல் ஒன்றே என்பதால் மோட்டாருக்குச் சுமை குறைவு. முகம் கண்ணாடி மாதிரி வரும். நேரம்தான் போகும். 500 சுற்று, சுற்றுக்கு 0.1 மில்லி என்றால் நிமிடத்துக்கு 50 மில்லிதான் நகரும். 300 மில்லி நீளப் பிளேட்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல். பத்து பிளேட் இருந்தால் ஒரு மணி நேரம் வெறும் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே போய்விடும்.

பிளை கட்டர் இன்னும் எங்கள் ஊரில் சாகாமல் இருப்பதற்குக் காரணம் படகு. தேங்காய்த்திட்டு துறைமுகத்து விசைப்படகுகளின் இன்ஜின் ஹெட் பட்டறைக்கு வரும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61. படகு கரையேறுகிற அந்தச் சமயத்தில்தான் இன்ஜினைப் பிரிப்பார்கள். தண்ணீர் பம்ப் ஒழுங்காக ஓடாமல் சூடேறி, ஹெட் வளைந்து, கேஸ்கட் ஊதியிருக்கும். "அண்ணே, தடை முடியறதுக்குள்ள குடுத்துடுங்க" என்று ஹெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதலில் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, பீலர் கேஜ் விட்டு எங்கே எவ்வளவு பள்ளம் என்று பார்ப்பேன். பிறகு மெஷினில் ஏற்றி, நான்கு மூலையும் டயல் வைத்து மட்டம் பிடிப்பேன். இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் மட்டம் பிடிப்பதற்கே. வெட்டுவது 0.1 மில்லி, மிஞ்சினால் 0.2. அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், வால்வு பிஸ்டனைத் தொடும்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் பெரிய வட்டம் வேண்டும். ஹெட்டின் அகலம் முழுவதும் ஒரே ஓட்டில் போகாவிட்டால் நடுவில் ஒரு படி விழும்; கேஸ்கட் அந்த இடத்தில் கசியும். 220 மில்லி வட்டம் போடுகிற பிளை கட்டர், ஒற்றைப் பல், மெல்லிய கட். சின்ன மெஷின் இதைத் தாங்கும், ஏனென்றால் எடுக்கிற உலோகம் அவ்வளவு கொஞ்சம். ஹெட்டில் அடித்திருக்கிற வால்வு சீட் வளையங்கள் சுற்றியுள்ள வார்ப்பிரும்பைவிடக் கடினமானவை. கூர்மையாகத் தீட்டிய டிப் அதில் மோதிப் பொரிந்துவிடும். நுனியில் சின்ன ரேடியஸ் கொடுத்து, வெட்டும் ஓரத்தைக் கையால் லேசாக ஒரு இழுப்பு இழுத்துத்தான் மாட்டுவேன்.

பெரிய வட்டத்துக்கு இன்னொரு விலை உண்டு. டரட் மெஷினின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் முகம் குழிவாக வரும். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி டேபிளின் மேல் 200 மில்லிக்குச் சுழற்றிப் பார்த்து, ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.10 வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63 மில்லி கட்டரில் 50 மில்லி அகலம் வெட்டினால் குழிவு 6 மைக்ரான்தான், யாருக்கும் தெரியாது. அதே சாய்வில் 220 மில்லி பிளை கட்டரால் 200 மில்லி அகலம் வெட்டினால் 30 மைக்ரானைத் தாண்டும். கேஸ்கட் முகத்துக்கு அது பெரிய விஷயம். அதனால் ஹெட் வேலை எடுத்தால் முந்தின ஜாப் எதுவாக இருந்தாலும் மறுபடி டயல் பிடித்து 0.02க்குள் கொண்டுவந்த பிறகுதான் கட் கொடுப்பேன். வெட்டிய முகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, முன்பல் போட்ட கோட்டின் மேல் பின்பல் போட்ட கோடு லேசாகத் தெரிந்தால் ஹெட் நேராக இருக்கிறது. ஒரே பக்கமாகக் கோடு விழுந்தால் சாய்ந்திருக்கிறது. டயல் இல்லாத பட்டறையிலும் இதைக் கண்ணால் படிக்கலாம்.

தொண்ணூறுகளில் இன்செர்ட் கட்டர் எங்கள் பக்கம் பரவலாக வந்தது. முதலில் வந்தது எஸ்பியுஎன் சதுர இன்செர்ட், ஆப்பு வைத்து இறுக்குவது. தட்டையான மேல்முகம், 11 டிகிரி கிளியரன்ஸ், நான்கு ஓரம். ஒரு ஓரம் போனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஊதி ஒட்ட வேண்டாம், தீட்ட வேண்டாம், கட்டரைக் கழற்றவே வேண்டாம். பச்சைக் கல்லின் முன்னால் தூசி தின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. சென்னையில் லிங்கிச் செட்டித் தெருவுக்கு ஒரு நடை போனால் பாடியும் இன்செர்ட்டும் வாங்கி வரலாம்.

பெரிய கட்டர் மோகமும் அப்போதுதான் தொடங்கியது. மேட்டுப்பாளையத்தில் ஒரு முதலாளி 100 மில்லி, ஆறு பல், 45 டிகிரி கட்டர் வாங்கிவந்து 2 குதிரைசக்தி மெஷினில் மாட்டிவிட்டார். மாட்டிய அன்றே என்னைக் கூப்பிட்டார். மெஷின் ஊளையிடுகிறது, பெல்ட் வழுக்குகிறது, ஜாப் முகத்தில் மீன் செதில் மாதிரி அலை. கட்டர் மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்கு நின்றார். கட்டர் நல்ல கட்டர். பெல்ட்டை இறுக்கியும் பார்த்துவிட்டார்கள், வேகத்தைக் குறைத்தும் பார்த்துவிட்டார்கள். வேகத்தைக் குறைத்தது அந்த நிலையில் வழுக்கலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். 2 குதிரைசக்தி என்பது 1.5 கிலோவாட். பெல்ட், பேரிங் தின்றது போக ஸ்பிண்டிலுக்குச் சுமார் 1.2 வந்து சேரும். அதைக் கொண்டு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 30 கன சென்டிமீட்டர் சீவ முடியும். வார்ப்பிரும்பில் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு, அலுமினியத்தில் மூன்று மடங்கு. இப்போது 63 மில்லி, நான்கு பல் கட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 120 மீட்டர் வேகத்துக்கு 600 சுற்று. பல்லுக்கு 0.1 மில்லி என்றால் நிமிடத்துக்கு 240 மில்லி ஃபீட். அகலம் 50, ஆழம் 2 என்றால் நிமிடத்துக்கு 24 கன சென்டிமீட்டர். மெஷினின் சக்திக்குள் அழகாக அடங்குகிறது. 100 மில்லி, ஆறு பல் கட்டரில் அதே பல் சுமை, அதே ஆழம், 80 அகலம் என்றால் 380 சுற்றில் 36 கன சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அதைவிட முக்கியமானது முறுக்கு. பல் ஒன்றரை மடங்கு, ஆரம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்பிண்டில் தாங்க வேண்டிய முறுக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. வழுக்கியது பெல்ட்டின் குற்றமல்ல.

"பல்லுக்கு ஃபீடைக் குறைச்சிட்டா?" என்று கேட்பார்கள். குறைக்கலாம், 0.05க்குக் கீழே போகாத வரை. அதற்குக் கீழே பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் ஓரம் போய்விடும். எஸ்எஸ் 304 போன்ற சாமானில் தேய்த்த இடமே கடினமாகி, அடுத்த பல் வந்து அதில் மோதும். அந்த முதலாளிக்கு நான் செய்துகொடுத்தது வேறு. ஆறு இன்செர்ட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைக் கழற்றினேன். பல் சுமை அப்படியே, ஃபீட் பாதி. ஊளை நின்றது. கையில் இருக்கிற பெரிய கட்டரைத் தூக்கி எறிய முடியாதவர்கள் இப்படி ஓட்டலாம். புதிதாக வாங்குகிறவர்கள் 63இல் நின்றுகொள்வது நல்லது. 2 குதிரைசக்திக்குக் கீழே, ஆர்8 ஸ்பிண்டில் என்றால் 50. மூன்று குதிரைசக்தி, கியர் ஹெட், உடம்பு கனம் என்றால் 80 வரை போகலாம். பல் இடைவெளி அகலமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். 63க்கு நான்கு, ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

45 டிகிரியா, 90 டிகிரியா என்பது அடுத்த வழக்கு. 90 டிகிரிக்கு ஏபிகேடி 1604, சின்னதில் ஏபிஎம்டி 1135. 45க்கு எஸ்இகேடி 1204. இளைஞர்கள் 90 வாங்குகிறார்கள், படியும் போடலாம், முகமும் போடலாம் என்று. ஒரே ஒரு கட்டர்தான் வாங்க முடியும் என்றால் நானும் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் முகம் மட்டுமே போடுகிற வேலைக்கு 45தான் என் கை. பல் சாய்வாக நுழைவதால் 0.1 ஃபீட் கொடுத்தால் சீவல் 0.07 கனம்தான் வரும். ஃபீடை ஒன்றே கால், ஒன்றரை மடங்கு தூக்கலாம். வெட்டு விசையில் பாதி மேல்நோக்கி ஸ்பிண்டில் பேரிங்குக்குப் போய்விடுகிறது, பக்கவாட்டு உதறல் குறைகிறது. வார்ப்பிரும்பில் கட்டர் வெளியேறும் ஓரம் 90 டிகிரி பல்லுக்கு உடைந்து உதிரும், 45க்கு உதிராது. இன்செர்ட்டுக்கு ஓரமும் நான்கு, ஏபிகேடிக்கு இரண்டுதான். மெல்லிய பிளேட், அடியில் தாங்கல் இல்லாத ஜாப் என்றால் மட்டும் 45 கீழ்நோக்கி அழுத்தி வளைக்கும், அங்கே 90.

கட்டர் சரியாக இருந்தும் ஓட்டுகிற விதத்தில் கெடுப்பவர்கள் உண்டு. ஸ்பிண்டிலை இறக்கும் குயிலை நான்கு இன்ச் இறக்கிவிட்டு பேஸ் மில் ஓட்டுவதை நான் எத்தனையோ இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். குயில் உள்ளே, பூட்டு போட்டு. உயரத்தை, டேபிளைத் தூக்கும் நீயில் (knee) எடுக்க வேண்டும். நீ பூட்டு, குறுக்கு ஸ்லைடு பூட்டு இரண்டும் இறுக்கம். கட்டரின் நடுவையும் ஜாபின் நடுவையும் ஒரே கோட்டில் வைத்தால் பல் உள்ளே வரும்போது ஒரு பக்கமும் வெளியே போகும்போது மறுபக்கமும் தள்ளி, மெஷின் நடுங்கும். கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது லீட் ஸ்குருவைப் பொறுத்தது. நட் தேயாத மெஷினில், சீவல் கனமாக நுழைந்து மெல்லியதாக வெளியேறும்படி தள்ளினால் முகமும் இன்செர்ட்டும் இரண்டும் நன்றாக இருக்கும். நட் தேய்ந்து கைப்பிடியில் கால் சுற்று ஆட்டம் இருந்தால் அப்படித் தள்ளும்போது கட்டர் டேபிளையே இழுத்துக்கொண்டு போகும், அங்கே எதிர்ப்பக்கம். டேபிள் ஜிப்பை லேசாக இறுக்கிவைத்தால் இன்னும் நல்லது. பவர் ஃபீட் இல்லாத மெஷினுக்கு ஒரு பவர் ஃபீட் மோட்டார் வாங்கி மாட்டுவது, இரண்டாவது கட்டர் வாங்குவதைவிட உருப்படியான செலவு. கையால் சுற்றிய ஃபீட் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முகத்தில் ஒரு வரி விட்டுவிடும்.

கடலோர ஊருக்கு உப்புக் காற்று தனி எதிரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எஸ்டேட்டில் ஷீட் பறந்த ஷெட்டுகள் நிறைய. கரண்ட் வர நாட்கள் ஆயின. மழையில் நனைந்த டேபிள்களை எண்ணெய்த் துணியால் துடைத்து மீட்டுவிட்டோம். பல பேர் பார்க்காமல் விட்டது ஸ்பிண்டிலின் உள் டேப்பர். அங்கே பூத்த துரு கண்ணுக்குத் தெரியாது. கட்டரைத் தாங்கும் ஆர்பர் அந்தத் துருப் புள்ளியின் மேல் உட்காரும், மேலே 0.01 தூக்கல் கீழே கட்டர் விளிம்பில் பெருகி நிற்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் "அண்ணே, புது இன்செர்ட் போட்டும் ஒரே பல்லுதான் வெட்டுது" என்று வந்த பட்டறைகளுக்கு நான் போய்ச் செய்த வேலை டேப்பரில் புளூ தடவி, ஆர்பரை ஏற்றி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, நயம் எமரியால் துருவை எடுத்ததுதான். இன்றைக்கும் ஆர்பரை மாட்டும் முன் உள்ளேயும் வெளியேயும் துணியால் துடைக்காத பையனை நான் மெஷினில் நிற்க விடமாட்டேன்.

பிளாஸ்டிக் கம்பெனிகள் புதுச்சேரிக்கு வந்த காலத்தில் மோல்டு பேஸ் வேலை பெருகியது. அதில் முகம் போட்டுவிட்டு சர்பேஸ் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும், பக்கத்துக்கு 0.2, 0.3 மில்லி விட்டால் போதும். பெரிய பிளேட்டில் 63 கட்டரால் மூன்று, நான்கு ஓட்டு ஓட்டும்போது ஓட்டுக்கு ஓட்டு ஒரு பத்து மில்லி ஏறி வெட்டுமாறு வைத்துக்கொள்வேன். நேரம் கூடும் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஓட்டு ஒன்றரை நிமிடம். உதறுகிற ஒரே பெரிய ஓட்டைவிட உதறாத மூன்று ஓட்டு சீக்கிரம் முடியும். ஒரு பக்கம் எடுத்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம், அப்புறம் மறுபடி முதல் பக்கம். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் சீவினால் பிளேட் வளைந்துகொள்ளும்.

சாமான் வாரியாக நான் கடைப்பிடிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினம், மணலும் ஒட்டியிருக்கும். முதல் கட் அந்தத் தோலுக்குக் கீழே இறங்க வேண்டும். பயந்துகொண்டு அரை மில்லி கொடுத்தால் இன்செர்ட் முழுக்கத் தோலிலேயே தேய்ந்து செத்துவிடும். 63க்கு 500 சுற்று, உலர்வாக. ஸ்டீலும் உலர்வாகத்தான். பல் உள்ளே போய்ச் சூடாகி வெளியே வந்து கூலன்ட்டில் குளிர்ந்தால் விடியாவில் சீப்புப் பல்போல விரிசல் விடும். சீவல் நீலமாக வரட்டும், பயப்பட வேண்டாம்; தீப்பொறி வந்தால் நிறுத்துங்கள். அலுமினியத்துக்கு மேல்முகம் பளபளக்கிற, பூச்சில்லாத இன்செர்ட், 1500 சுற்று, பிரஷ்ஷால் கெரசின். பூச்சுப் போட்ட ஸ்டீல் இன்செர்ட்டை அலுமினியத்தில் ஓட்டினால் சீவல் ஓரத்தில் ஒட்டி அப்பிக்கொள்ளும்.

ஏ.எஃப்.டி 2020இல் மூடப்பட்டது. அந்த வொர்க் ஷாப்பிலிருந்து இனி மேஸ்திரிகள் வரப்போவதில்லை. சேதராப்பட்டில் விஎம்சி போட்ட கம்பெனிகளில் ஐடிஐ முடித்த பிள்ளைகள் புரோகிராமில் வேகம், ஃபீட் எல்லாம் கேட்டலாக்கைப் பார்த்து எழுதுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதே கேட்டலாக் எண்ணைச் சின்னப் பட்டறையின் டரட் மெஷினுக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. அதில் எழுதியிருப்பது பத்துப் பதினைந்து கிலோவாட் மெஷினுக்கு. கேட்டலாக்கில் உள்ள வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பல் சுமையைக் கீழ் எல்லையில் வையுங்கள், ஆழத்தை மெஷின் சொல்லட்டும் என்பதுதான் அவர்களிடம் நான் சொல்வது.

இப்போது ஆன்லைனில் மலிவாக பாடியும் இன்செர்ட்டும் வீட்டுக்கே வருகிறது. மலிவு என்பதற்காக நான் ஒதுக்குவதில்லை. மலிவான இன்செர்ட்டும் வெட்டும். ஆயுள் குறையும், அவ்வளவுதான். பாடி விஷயத்தில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் பள்ளங்கள் ஒரே உயரத்தில் இல்லாத பாடியில் எந்த இன்செர்ட் போட்டாலும் ஒரு பல்தான் வெட்டும். அதைக் கண்டுபிடிக்க நான்கு இன்செர்ட்டையும் மாட்டி டயல் வைத்தால் தப்பு பாடியிலா இன்செர்ட்டிலா என்று தெரியாது. ஒரே ஒரு இன்செர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளத்தைத் துடைத்து, அதில் மாட்டி, அடியில் டயல் வைத்துப் பூஜ்யம் போடுங்கள். அதே இன்செர்ட்டைக் கழற்றி இரண்டாவது பள்ளத்தில், பிறகு மூன்றாவதில், நான்காவதில். ஒவ்வொரு தடவையும் அதே ஓரம் கீழே பார்க்க வேண்டும். ஸ்குருவை அதே இறுக்கத்தில் வைக்க வேண்டும். 1604க்கு டி15 சாவி, 1135க்கு டி8. குட்டைச் சாவியால் கை இறுக்கம் போதும், பைப் மாட்டி இறுக்கக் கூடாது. நான்கு அளவும் 0.03க்குள் வந்தால் பாடி நல்ல பாடி. தாண்டினால் ஓட்டிப்பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல பாடியிலும் ஒரு பள்ளம் மற்றதைவிடச் சற்றுக் கீழே நிற்கும். அதன் பக்கத்தில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்திவைத்துக்கொள்ளுங்கள். மினுமினுப்பான முகம் கேட்கிற ஜாப் வரும்போது கடைசி 0.1 மில்லிக்கு மற்ற மூன்று இன்செர்ட்டையும் கழற்றிவிட்டு, அந்தப் புள்ளியிட்ட பள்ளத்தில் மட்டும் புது ஓரத்தைப் போட்டு, ஃபீடைக் கால்வாசியாக்கி, டேபிளை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓட்டிவிடுங்கள்.